கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, மங்கா என்றாலே பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று தொடங்கி, அதில் வரும் கொலைக்கதைகள் பிஞ்சு மனத்தைக் கெடுத்துவிடும் என்று முடிந்திருந்தது. பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் பதைபதைக்க வைக்கும் குற்றக்கதைகளில் பெரும்பகுதி பிள்ளைகளை மனத்தில் வைத்து வரையப்பட்டதே அல்ல என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பானில் மங்கா இதழ்கள் வாசகரின் வயதை முன்வைத்தே நடத்தப்படுகின்றன. 1968-இல் தொடங்கிய 'பிக் காமிக்' வளர்ந்த ஆண்களுக்கான இதழ். கூலிக்குக் கொலை செய்யும் ஒருவனைப் பற்றிய 'கோல்கோ 13' அதே ஆண்டில் அதில் தொடங்கி, அதைப் படைத்த டகாவோ சைட்டோ 2021-இல் மறைந்த பிறகும் அவருடைய குழுவினரால் தொடரப்படுகிறது. பெயரை எழுதினாலே அந்த ஆள் இறந்துபோகும் குறிப்பேட்டைப் பற்றிய 'டெத் நோட்' போன்ற ஒரு கதை 2003 முதல் 2006 வரை சிறுவர்களுக்கான வார இதழில் வந்தது உண்மைதான். அந்த ஒன்றை வைத்து மற்றவற்றையும் எடைபோட்டுவிடக் கூடாது.

நான் பெரிதும் மதிக்கும் எடுத்துக்காட்டு, நவோகி உராசாவா எழுதி வரைந்த 'மான்ஸ்டர்'. 1994 முதல் 2001 வரை 'பிக் காமிக் ஒரிஜினல்' இதழில் தொடராக வந்து, 18 தொகுதிகளாக நூல்வடிவம் பெற்ற கதை இது. 1986-இல், மேற்கு ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகர மருத்துவமனை ஒன்றில் கென்ஸோ டென்மா என்ற ஜப்பானிய மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் பணியாற்றுகிறார். முதலில் கொண்டுவரப்பட்ட துருக்கியத் தொழிலாளியை விட்டுவிட்டு, புகழ்பெற்ற பாடகர் ஒருவருக்கு அறுவை செய்யும்படி அவருக்கு மேலிடத்து உத்தரவு வருகிறது. தொழிலாளி இறந்துபோகிறார், அவருடைய மனைவி டென்மாவின் முன் வந்து நின்று அழுகிறாள். அடுத்த முறை, தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனை விட்டுவிட்டு நகர மேயரைக் கவனிக்கச் சொல்லும்போது, அவர் மறுத்துச் சிறுவனைப் பிழைக்க வைக்கிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தான் காப்பாற்றிய அந்தச் சிறுவன் யோஹன் இரக்கமற்ற கொலைகாரனாக வளர்ந்து நிற்பதை அவர் நேரில் காண்கிறார்.

இந்தத் தொடக்க அத்தியாயங்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் கொட்டாவி விடும் என்பது என் எண்ணம். மருத்துவமனை இயக்குநர் தமக்குக் கீழே உள்ளவரின் ஆய்வைத் தம்முடையதாகக் காட்டிக்கொள்வது, அந்த இயக்குநரின் மகளோடு டென்மாவுக்கு நிச்சயமான திருமணம் பதவி உயர்வோடு பிணைந்திருப்பது, மேலதிகாரியின் சொல்லை மீறியவுடன் கூட இருந்தவர்கள் முகம் திருப்பிக்கொள்வது ஆகியவற்றில் உள்ள அச்சம், சம்பளத்துக்கு வேலை செய்து பழகியவருக்குத்தான் உறைக்கும். செய்தது சரியென்று தெரிந்தும் அதன் விளைவுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டியிருப்பது நடுவயதின் பயம். கதையின் பரபரப்பு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கொலையாளி யாரென்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட, டென்மா துப்பாக்கியை உயர்த்துவாரா, உயர்த்தினால் அவர் மருத்துவராக இருக்க முடியுமா என்ற கேள்வியே நம்மைத் துரத்துகிறது.

படக்கதை என்ற வடிவமும் இதற்குத் துணைநிற்கிறது. திரைப்படத்தில் இயக்குநர் நம்மைத் தம் வேகத்துக்கு இழுத்துச் செல்கிறார். இங்கே பக்கத்தைப் புரட்டுவது நம் விரல்தான். வலமிருந்து இடமாகப் படிக்கும் இந்நூல்களில், இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவர் கதவைப் பார்த்துத் திடுக்கிட்டுத் திரும்புவார். கதவில் நிற்பவரைப் பார்க்கத் தாளைப் புரட்டியாக வேண்டும். உராசாவா இதில் கைதேர்ந்தவர். வசனமே இல்லாமல் ஒரே முகத்தை அடுத்தடுத்த கட்டங்களில் வரைந்து, கண்ணில் மட்டும் சிறு மாற்றத்தைக் காட்டும்போது அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடும். டென்மாவையே சந்தேகித்துப் பின்தொடரும் லுங்கே என்ற புலனாய்வு அதிகாரி, கேட்டதையெல்லாம் நினைவில் பதித்துக்கொள்வதற்காக வெறும் காற்றில் விரல்களால் தட்டச்சுச் செய்வார். அந்த விரல்கள் அசையும் கட்டம் வந்தாலே, பேசிக்கொண்டிருப்பவர் ஏதோ உளறிவிட்டார் என்று நாம் முந்திய வசனத்துக்குத் திரும்பிப் போகிறோம். (இவரைப் பற்றி மட்டுமே தனிக் கடிதம் எழுதலாம், தங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை.)

கட்டுரையாளர் அஞ்சும் ரத்தக் காட்சிகள் இதில் குறைவு. யோஹன் பல இடங்களில் கையைக்கூட உயர்த்துவதில்லை. குடியை விட்டொழித்து, பிரிந்த மகளைப் பார்க்கக் காத்திருக்கும் முன்னாள் காவலர் ஒருவரோடு அவன் மென்மையாகப் பேசுகிறான். அவர் தம்மிடமே மறைத்து வைத்திருந்த ஒன்றை மெல்ல வெளியே எடுத்துப் போடுகிறான். அதன் பிறகு அந்த மனிதருக்கு என்ன ஆகிறது என்பதைப் படிக்கப் போகிறவர்களுக்காக விட்டுவிடுகிறேன். அந்த உரையாடலைப் படித்த இரவில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

குறைகள் இல்லாமலும் இல்லை. நடுத் தொகுதிகளில் கதை இழுக்கப்படுகிறது. ஜெர்மனியிலிருந்து செக் நாடு வரை எங்கே போனாலும் வேண்டிய ஆள் வேண்டிய நேரத்தில் எதிர்ப்படுவது சற்று அதிகம். மாதம் இருமுறை வந்த இதழில் வாசகரை அடுத்த இதழ்வரை தக்கவைக்க வேண்டிய கட்டாயம் அப்படிச் செய்ய வைத்திருக்கலாம். 'தொடரும்' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு வார இதழ்களை எதிர்பார்த்திருந்த நமக்கு அந்தத் தந்திரம் புதியதல்ல.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் அறிமுகப் பகுதியில் பெரியவர்களுக்கான படக்கதைகளுக்கும் இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றும் எந்த வயதினருக்கு ஏற்றது என்பதைத் தலைப்போடு சேர்த்தே அச்சிடுங்கள். ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றின் பின்னட்டையில் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஆனால் புத்தகக் கடைகளில் எல்லாம் ஒரே அடுக்கில் கலந்து கிடப்பதால், பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர் அட்டையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. கட்டுரையாளரின் கவலைக்கும் இதனால் ஓரளவு விடை கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி.