புலிப் படம் அனுப்புவதை நிறுத்து

மல்லிகா,

பதிலே போடவில்லை என்று நீ திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நியாயம்தான். அம்மாவுக்கு முழங்கால் தேவலை, தம்பி ஓசூரிலேயேதான் இருக்கிறான், எனக்கு முடி கொட்டுகிறது. ஊர்க்கதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம அறந்தாங்கிக்காரி போன வாரம் லைப்ரரியில் டி.என்.பி.எஸ்.சி பரீட்சைக்குப் படிக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். கோட்டூர்புரத்தில்தான், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கிற ஹாலில். தண்ணீர் பிடிக்க எழுந்தவள் நாற்காலியைப் பிடித்தபடியே சரிந்தாள். ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். "கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?" என்கிறார் டாக்டர். இவள் கண்ணைத் திறக்காமலே "ஆப்ஷன் ஈ" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் பரீட்சையின் ஓ.எம்.ஆர் விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு சார், தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது என்பதால் அதைக் கறுப்பாக்க ஒருத்தருக்கும் மனசு வராது என்று நான் விளக்கப்போக, அவர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். குளுக்கோஸ் ஏறும்போதே நீதிக்கட்சி 1916, பூனா ஒப்பந்தம் 1932 என்று முணுமுணுக்கிறாள்டி. அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராத்திரிக்கு மூன்று மணி நேரத் தூக்கமாம். காலையில் டீயும் பன்னும், ராத்திரி மறுபடியும் டீ. கண்ணாடிக் காம்பு உடைந்து கறுப்பு நூலால் கட்டியிருக்கிறாள். நூல் நைந்து, குனியும்போதெல்லாம் கண்ணாடி ஒருபக்கமாகத் தொங்குகிறது. கேட்டால், "போஸ்டிங் வந்ததும் மாத்திக்கிறேன்க்கா." கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக 'சார்பதிவாளர்', அதற்குக் கீழே அவள் பெயர். தினமும் பார்த்தால் வெறி ஏறும் என்று யூடியூபில் யாரோ சொன்னாராம்.

உன்னைத் திட்ட வேண்டிய இடம் இதுதான். விடிகாலையில் புலி பாய்கிற படம் போட்டு 'நீ தூங்கும் நேரத்தில் உன் போட்டியாளன் படிக்கிறான்' என்று எனக்கும் அவளுக்கும் அனுப்புகிறாயே, எந்த வாயால் சொல்கிறாய்? பத்து மணிக்கு மேல் உன்னை எழுப்பினால் கடிப்பாய். பரீட்சைக்கு முதல்நாள் ரங்கநாதன் தெருவில் நைட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் நீ. தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்ததும் ஒற்றைக்காலில் தவம் கிடந்து வாங்கியதாக நினைப்பு வந்துவிட்டதோ? வேளைக்குச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கித்தானடி நீ பாஸானாய். நான்தான் சாட்சி.

கனவு காணச் சொல்கிறார்களே, அதைப் பற்றி ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டிருக்கிறார். படிப்பை முடித்து வேலை தேடுகிற மாணவர்களிடம் செய்தது. நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பதாக அடிக்கடி கற்பனையில் மிதந்தவர்களுக்கு, இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், வந்த வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. கிடைக்கும் என்ற நம்பிக்கை வேறு. அது இருந்தவர்கள் நன்றாகவே வந்திருக்கிறார்கள். கிடைத்துவிட்ட சுகத்தை முன்கூட்டியே அனுபவிப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது. சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அவளுடைய சுவர், விட்டுவிட்டேன்.

ஆனால் மல்லி, எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். முதலில் அறிவித்த இடம் 6,244. முந்நூறு பேருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. அந்த முந்நூறில் நன்றாகப் படித்தவள் ஒருத்தி மட்டுமா இருப்பாள்? நோட்டிபிகேஷன் எப்போது, எத்தனை இடம், கட்-ஆஃப் எங்கே நிற்கும், எதுவும் நம் கையில் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை நம்பி, பல்வலிக்கு டாக்டரைப் பார்ப்பது, சித்தி மகள் கல்யாணத்துக்குப் போவது, நல்லதாக ஒரு செருப்பு வாங்குவது என்று எல்லாவற்றையும் 'பாஸானதும்' கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். அறந்தாங்கி சாப்பாட்டையே எழுதிவிட்டாள்.

சரி, என் சங்கதி. திருமங்கலத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சாயங்கால வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை சமூக அறிவியல். ஹாஸ்டலில் எல்லாரும் "கவனம் சிதறிடும்" என்கிறார்கள். நமக்கு சிலபஸே அந்தப் பள்ளிக்கூடப் புத்தகங்கள்தானே! எட்டாவது பையன் ஒருத்தன், "பாளையக்காரங்க வரி கட்டாம இருந்தா கம்பெனிக்கு என்ன மிஸ், அவங்க ஊருக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டான். பதில் சொல்ல நான் யோசித்த யோசனை, அந்தப் பாடத்தில் மஞ்சள் ஹைலைட்டர் தேய்த்த காலத்தில் யோசித்ததே இல்லை. மாசம் பிறந்தால் அப்பாவிடம் பணம் கேட்க வேண்டியதில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது. பகலில் முன்னைவிடக் குறைவான நேரம்தான் படிக்கிறேன், டெஸ்ட் பேட்சில் மார்க் இறங்கவில்லை. ஏறியதாகவும் சொல்ல மாட்டேன், கண் வைத்துவிடுவாய்.

இரண்டு காரியம் உன்னால் ஆக வேண்டும். ஒன்று, அப்பாவிடம் இன்னும் வேலை விஷயத்தைச் சொல்லவில்லை. 'படிக்க அனுப்பினா வேலைக்குப் போறாளா' என்று குதிப்பார். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள் நீ சொன்னால் கேட்டுக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பேசு. இரண்டு, அறந்தாங்கிக்குப் போன் பண்ணு. புலி, சிங்கம், விடாமுயற்சி எதுவும் வேண்டாம். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேள். என்னிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாள். நீ தூரத்தில் இருக்கிறாய், உன்னிடம் சொன்னாலும் சொல்வாள்.

பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகத்தைக் கடன் வாங்கிப் போனாயே, அது எனக்கு வேண்டும். கூரியரில் போடு. பாஸானவளுக்கு அது எதற்கு?

செல்வி