அந்த 120 மணி நேரத்தில் பாதி: பொறியியல் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். உங்கள் என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். அதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த 120 மணி நேரத்தில் பாதியை எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

முகாமுக்கு வருகிறவர்கள் குளக்கரையைச் சுத்தம் செய்கிறார்கள், மரம் நடுகிறார்கள், பேரணி போகிறார்கள். நல்ல வேலைகள்தான். ஆனாலும் மின்சுற்றும் பாய்ம இயக்கவியலும் படிக்கிற பிள்ளைகள் எங்கள் ஊருக்கு வந்து, அதில் ஒன்றையும் இங்கே சொல்லித்தராமல் திரும்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு முகாமின்போது மெக்கானிக்கல் மாணவர்கள் சிலர் மாலையில் பள்ளிக்கு வந்தார்கள். ஏழாம் வகுப்போடு உட்கார்ந்து அட்டைப்பெட்டி, சிரிஞ்சு, சலைன் டியூப் வைத்து ஜேசிபி செய்தார்கள். ஒரு குழுவின் வண்டி மட்டும் கையைத் தூக்கவில்லை. சிரிஞ்சை அழுத்தினால் லேசாக அசைந்து நின்றுவிடும். உடனிருந்த மாணவர் அதை வாங்கக் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, "டியூப்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு பாப்பா" என்றார். நடுவில் காற்றுக் குமிழி. "காத்து அமுங்கிக்குதுண்ணா, அதான் தண்ணி தள்ள மாட்டேங்குது!" டியூப்பை வாளித் தண்ணீரில் முக்கி அவளே மறுபடி நிரப்பினாள். கை எழும்பியது. வண்டி பிரேக்கில் ஏன் காற்று எடுக்கிறார்கள் என்று தேர்வில் எழுதியதை இன்றுதான் கண்ணால் பார்க்கிறேன் என்றார் அந்த மாணவர்.

ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவதை அண்ணனிடம், அக்காவிடம் பிள்ளைகள் கூசாமல் கேட்கிறார்கள். வந்தவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். இதே மாதிரி பள்ளியில் படித்து, டவுன் பஸ்ஸில் போய்வந்தவர்கள். நானும் இப்படி ஆகலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்ற அது ஒன்றே போதும்.

2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் எங்கள் பிள்ளைகளுக்குச் சோதனைகளைக் கண்முன் காட்டுகிறது. ஆனால் அதைச் செய்துகாட்டுகிற கருத்தாளர் ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரு பொருளை வாரக்கணக்கில் கட்டி, அது உடைந்து, காரணம் தேடி, மறுபடி கட்டுவதற்கு வாராவாரம் வருகிற ஆள் வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், 30 வாரம். கணக்கு சரியாக 60 மணி நேரம் வருகிறது. உங்கள் கல்லூரிப் பேருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது.

முதல் வாரம் வந்தவரே கடைசி வாரமும் வரட்டும். ஆள் மாறினால் பிள்ளைகள் ஒட்டமாட்டார்கள். பேனரும் சான்றிதழும் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவரும் கத்தரியும் பள்ளியிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரிக்குச் சிவப்பு எல்இடி எரியாது என்று உங்கள் மாணவருக்குத் தெரியும். உடனே இரண்டாவது பேட்டரியை எடுத்து நீட்டிவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். இன்னொன்று வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்து, இரண்டு பேட்டரியையும் முதலில் தலைகீழாகச் சேர்த்துப் பார்க்கட்டும், பிறகு திருப்பட்டும். வீட்டு மின்சாரம் மட்டும் கண்டிப்பாகக் கூடாது, எல்லாம் பேட்டரியில்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுவாகப் பிரித்தால் பையன்கள் கருவியை எடுத்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் நோட்டில் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். இதை நான் வகுப்பில் நாள்தோறும் பார்க்கிறேன். அதனால் வருகிறவர்களில் மாணவிகள் சரிபாதியாவது இருக்க வேண்டும். வயர் சீவுகிற அக்காவைப் பார்த்தால் எங்கள் பெண்கள் தாமாகவே நோட்டை மூடிவைத்துவிட்டு வருவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுவதையும் சனிக்கிழமை பள்ளியைத் திறந்து உடனிருப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த நேரத்தை என்.எஸ்.எஸ். பதிவேட்டில் ஏற்றுக்கொள்வது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒரு முடிவு சொன்னால், முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை