வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையிலும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பூக்கட்டி விற்பவள். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 2018 முதல் வந்த புதுப் பாடப்புத்தகங்களில் பாடத்தோடு கியூஆர் கோடும் இருக்கிறது. தீக்‌ஷா செயலியில் அதைக் காட்டினால் வீடியோ ஓடுகிறது. இதயத்தின் நாலு அறைக்குள்ளும் ரத்தம் போய் வருவதை மகளோடு சேர்ந்து நானும் பார்த்தேன். கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அது பெரிய விஷயம். அதனால் செல்போனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன். அது லோடு ஆட்டோ ஓட்டும் என் கணவரோடு விடியற்காலையே போய்விடும். வீட்டுப்பாடமோ மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. அவர் ஒன்பதரைக்கு வரும்வரை பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். போன வாரம் வந்த போட்டோவில் கடைசிக் கணக்கு பாதி வெட்டுப்பட்டிருந்தது. பதினோரு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது? மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றாள்.

ஆசிரியர்களை வேண்டிக் கேட்கிறேன்: கடைசி மணி அடிக்கும் முன் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள், சரி. அப்புறம், 2019-ல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியில் எந்தப் பாடம் எப்போது வருகிறது என்பதையும் பள்ளியிலேயே எழுதிப் போட்டால், எங்கள் வீட்டு டிவி அதற்கு உதவும்.

ஒரு தாய்,
நிலக்கோட்டை