என் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் எம்பிஏ கடைசித் தேர்வை எழுதி முடித்தேன். அறைக்கு வந்ததும் நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, இந்தப் பதினாறு மாதங்களில் எனக்குக் கைகொடுத்தவர்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். முன்பக்கம் நிறைந்து பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அதில் பாதிப் பேருக்கு அந்தந்த நேரத்தில் நான் ஒழுங்காக ஒரு நன்றி சொன்னதாகக்கூட நினைவில்லை. அப்படி ஓடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்கா, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்கு உதவியவர் நீங்கள். இணையத்தில் ஓர் அறையைப் பார்த்துவிட்டு, படங்கள் நன்றாக இருக்கின்றன, வாடகையும் குறைவு, கல்லூரிக்கும் பக்கம் என்று சந்தோஷமாக இருந்தேன். இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாக அந்த ஆள் சொன்னார். சீனியர் மாணவர் குழுவில் அதைப் பற்றிச் சும்மா ஒரு வரி கேட்டேன். உடனே நீங்கள் அழைத்தீர்கள். அதற்கு முன் நாம் பேசியதே இல்லை. "தம்பி, பணம் போட்டுட்டியா? போடாத. நாளைக்குக் காலைல நானே நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்." மறுநாள் ஒரு படம் அனுப்பினீர்கள். அந்தக் கதவு எண்ணில் இருந்தது பூட்டிய ஒரு கிடங்கு. அன்று உங்களுக்கு நிதிப்பாடத்தில் இடைத்தேர்வு இருந்தது என்பது எனக்கு நான்கு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். நான் அனுப்பியிருக்கக்கூடிய அந்தப் பணம் கல்விக் கடனில் வந்தது. அதைத் தொலைத்திருந்தால் இந்தப் படிப்பே தொடங்கியிருக்காது.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மூன்றாவது கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவுக்கு அடுத்த நன்றி. புதிதாக வந்து இறங்குபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு சுழல் உண்டு. வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரி வேண்டுமென்றால் வாடகை ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தம் போடப் போனால் உள்ளூர் வங்கிக் கணக்கு எங்கே என்பார்கள். போன் இணைப்புக்கும் கணக்கு, தங்கும் அனுமதிக்கு நேரம் வாங்க உள்ளூர் போன் எண். எனக்கு இதற்கு மேல் இன்னொரு சிக்கல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. அதை நிரப்பாமல் எந்தப் படிவமும் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. ஒரு படிவத்தில் அப்பா பெயரை எழுதினேன், இன்னொன்றில் என் பெயரையே இரண்டு தடவை எழுதினேன். மூன்று இடத்தில் மூன்று ஆளாகப் பதிவாகிவிட்டேன்.

அன்று எனக்குப் பின்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது. அவர்கள் அவசரப்படவே இல்லை. தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். என் எல்லாப் படிவங்களையும் வாங்கி, பென்சிலால் ஒவ்வொன்றிலும் மாறியிருந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார்கள். பிறகு வங்கிக்குப் போன் செய்து, ஒற்றைப் பெயர் உள்ளவரை உங்கள் கணினி எப்படி ஏற்கும் என்று கேட்டு, அதே எழுத்துகளை எல்லாவற்றிலும் எழுத வைத்தார்கள். மாணவர் விடுதியில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறேன் என்று கல்லூரி முத்திரையுடன் ஒரு கடிதமும் தந்தார்கள். அந்த ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது, சுழல் உடைந்தது. கிளம்பும்போது ரப்பரை எடுத்து, தான் வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத்தான் தாள்களைத் தந்தார்கள். அம்மா, அந்தப் புள்ளிகளை நீங்கள் அழித்த விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

வீட்டுக்காரப் பெரியவருக்கும் என் வணக்கம். கையெழுத்துப் போடும் நாளில் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினார். காலி செய்வதாக எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு, முன்பணம் எப்போது திரும்பும் என்று நான் கேட்காததையும் சொன்னார். தரையில் இருந்த கீறலைக் காட்டி, "இதைப் படம் எடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பு, நாளைக்கு நான் மறந்துவிட்டால் உன்னிடம் சான்று இருக்க வேண்டும்" என்றார். முன்பணம் நேற்று முழுதாக வந்து சேர்ந்தது, ஐயா.

இனி வகுப்பறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வணிகப் பள்ளி வகுப்பு நான் பழகிய வகுப்பு மாதிரி இல்லை. 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளி வளர்த்தெடுத்த கேஸ் முறைதான் எங்களுக்கும். ஒரு நிறுவனத்தின் கதையை இருபது பக்கத்தில் தருவார்கள். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதை நின்றுவிடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார், மாணவர்கள் பேசிப் பேசித்தான் பாடம் உருவாகும். பேச்சுக்கு மதிப்பெண் உண்டு, எங்களுக்குச் சில பாடங்களில் நாற்பது சதவீதம். முன்னறிவிப்பு இல்லாமல் யாரையாவது எழுப்பிக் கேட்பதற்குக் கோல்ட் கால் என்று பெயர்.

முதல் ஐந்து வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. இரவு ஒரு மணி வரை படித்துவிட்டுத்தான் போவேன். ஆனால் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்து கை தூக்குவதற்குள் பேச்சு இரண்டு திருப்பம் தாண்டிப் போயிருக்கும். ஆங்கிலம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கூப்பிட்டால் பேசலாம், கூப்பிடாமல் பேசுவது மரியாதை இல்லை என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது நிறுவன நடத்தைப் பாடத்தில்தான் புரிந்தது. நெதர்லாந்து ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக் கணிப்பிலிருந்து அதிகார இடைவெளி என்ற ஒன்றை விளக்கினார்கள். மேலே இருப்பவரிடம் மாற்றுக் கருத்து சொல்லத் தயங்குவது நாட்டுக்கு நாடு கூடும், குறையும். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பாடத்தை எடுத்த பேராசிரியர் அன்று என்னை இருக்கச் சொன்னார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் சொன்னது இதுதான்: "அடுத்த வகுப்பை நீங்கள்தான் தொடங்கிவைக்கப் போகிறீர்கள். கேள்வியை இப்போதே தருகிறேன். மூன்று நாள் இருக்கிறது."

மூன்று நாளும் அக்காவின் அறையில்தான் ஒத்திகை. அவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "இவ்வளவு சுத்தி வளைக்காத தம்பி. முதல்ல உன் முடிவச் சொல்லு, அப்புறம் காரணம்." இந்த ஒரு வரி எனக்கு முழுப் படிப்புக்கும் போதுமானதாக இருந்தது.

வகுப்பில் எழுந்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் ஒரு சொல் மறந்துபோனது. சாதாரணச் சொல்தான். தேடுகிறேன், கிடைக்கவில்லை. மூன்று பேர் கை தூக்கிவிட்டார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தபடியே உள்ளங்கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினார். தூக்கிய கைகள் இறங்கின. எழுபது பேர் இருந்த அறையில் யாரும் அசையவில்லை. பத்து விநாடி இருக்குமா? எனக்கு ஒரு யுகம். அப்புறம் அந்தச் சொல் வந்தது, வாக்கியம் முடிந்தது. "சரி, இவர் சொல்வதை யார் மறுக்கிறீர்கள்?" என்று அவர் கேட்க, என் கருத்தை வைத்து வகுப்பு இருபது நிமிடம் சண்டை போட்டது.

ஐயா, அந்தப் பத்து விநாடியை நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். கை இறக்கிய மூன்று பேரே, உங்களுக்கும் பேச்சுக்கு மதிப்பெண் இருந்தது. அதை விட்டுக்கொடுத்தீர்கள். அதன்பிறகு ஒரு வாரம்கூட நான் பேசாமல் இருந்ததில்லை.

எங்கள் படிப்புக் குழுவின் கணக்காளர் தோழி, பொறியியல் படித்துவிட்டு வந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கியல் சொல்லித்தந்தார். பற்று எது, வரவு எது என்று குழம்பி நின்றபோது, "லூக்கா பசியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494இல் வெனிஸில் அச்சிட்ட அதே இரட்டைப் பதிவு முறைதான் இது, ஒவ்வொரு கணக்கையும் பற்றிலும் வரவிலும் எழுதுவது. ஐந்நூறு வருடமாக மாறாத ஒன்றை ஐந்து வாரத்தில் பிடித்துவிடலாம்" என்றார். ஆறு வாரம் ஆனது. ஆறாவது வாரமும் வந்தார்.

நான்காம் மாதத்தில் ஒன்றுமே பிடிக்காமல் போனது. காரணம் சொல்லத் தெரியவில்லை. கல்லூரி ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தேன். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா சென்று திரும்பிய இருநூறு நார்வேக்காரர்களைப் பற்றி எழுதியதைச் சொன்னார். தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம். எல்லோருக்கும் இந்தக் கோடு பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருப்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்தச் சரிவுக்கு ஒரு வடிவம் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்தது. அடுத்த ஆறு வியாழக்கிழமைகளிலும் எனக்காக அரை மணி நேரம் ஒதுக்கினீர்கள், நன்றி.

மாலை நேர வகுப்பில் படிக்கும் ஒருவரை நூலக அச்சுப்பொறி அருகில் மொத்தம் மூன்று தடவை பார்த்திருப்பேன். தாள் சிக்கினால் இருவரும் சேர்ந்து எடுப்போம், அவ்வளவுதான் பழக்கம். நான் விண்ணப்பம் போட்டுச் சலித்திருந்த சமயத்தில், தன் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் இருப்பதைச் சொல்லி என் சிவியை அனுப்பியவர் அவர்தான். 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதியது நினைவுக்கு வந்தது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம்தானாம். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள்தான் வழி காட்டியிருக்கிறார். தோழரே, உங்கள் முழுப்பெயரே அந்த மின்னஞ்சலில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் குறிப்புகளைக் கொண்டுவந்து தந்த அறைத்தோழனுக்கு, நூலகத்தை மூடும் நேரத்தில் கடைசி விளக்கை என் மேசைக்காக ஐந்து நிமிடம் விட்டுவைத்த காவலருக்கு, நேர வித்தியாசம் பார்க்காமல் போனை எடுத்த அம்மாவுக்கு, நன்றி.

அக்கா, ஒரு விஷயம். நீங்கள் எனக்குக் கொடுத்த நீலக் கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் குறிப்புகளோடு இப்போது என்னுடையவையும் சேர்ந்து தடித்துவிட்டது. வரும் ஆண்டு சேரப்போகும் ஒரு பெண் நேற்று குழுவில் ஓர் அறையின் படத்தைப் போட்டு, முன்பணம் அனுப்பலாமா என்று கேட்டிருந்தாள். நாளைக் காலை நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வந்ததும் கோப்பை அவளிடம் கொடுக்கலாமா?

அன்புடன்,
மூன்றாம் வரிசை, ஜன்னல் ஓர இருக்கைக்காரன்