டிஸ்கெட்டைக் குப்பையில் போடுவதற்கு முன்

பினாங்கில் பழைய ஆவணங்களை மின்னாக்கம் செய்யக் கிளம்பியிருக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் டிஸ்கெட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

தொண்ணூறுகளில் பட்டர்வொர்த்தில் கல்யாண வீடியோக்களுக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். வீட்டில் இருந்தது கொமடோர் நிறுவனத்தின் அமிகா 1200 என்ற வீட்டுக் கணினி. தமிழ் எழுத்துரு எதுவும் கையில் இல்லாததால், மணமக்கள் பெயரை டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளில் மவுஸைப் பிடித்து ஓர் ஓர் எழுத்தாக வரைவேன். 'ஸ்ரீ' வந்தால் அன்றைக்கு ராத்தூக்கம் இல்லை. அந்தப் படங்கள் இன்றும் திறக்கின்றன.

காரணம் அந்தக் கோப்பின் அமைப்பு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1985இல் வெளியிட்ட ஐஎஃப்எஃப் முறை அது. அளவுக்கு ஒரு துண்டு, வண்ணப் பட்டியலுக்கு ஒரு துண்டு, படத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் நாலெழுத்துப் பெயரும் நீளமும் இருக்கும். தெரியாத துண்டு வந்தால் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும்.

1992இல் அமிகாவின் திரைச்சூழலான ஒர்க்பெஞ்ச் 3.0உடன் மல்டிவியூ என்ற கோப்பு பார்க்கும் மென்பொருள் வந்தது. அதற்குச் சொந்தமாக எந்தக் கோப்பு வகையும் தெரியாது! கோப்பைக் கொடுத்தால் 'இது என்ன?' என்று டேட்டாடைப்ஸ் நூலகத்தைக் கேட்கும். நூலகம் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, பொருத்தமான சிறு மென்பொருள் தொகுதியிடம் வேலையை ஒப்படைக்கும். படம், ஒலி, உரை எல்லாவற்றுக்கும் இதே வழிதான். புதிய வகை வந்தால் மல்டிவியூவைத் தொட வேண்டாம். அதற்கான தொகுதியைப் போட்டால் போதும், டேட்டாடைப்ஸை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களும் அதைப் படிக்கத் தொடங்கிவிடும்.

கொமடோர் 1994இல் திவாலானது. பிஎன்ஜி என்ற பட வகை பிறந்தது 1996இல். ஆனாலும் அதற்கு யாரோ ஒரு டேட்டாடைப் தொகுதி எழுதினார்கள், என் பழைய மல்டிவியூ பிஎன்ஜியைத் திறந்தது. வேகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். 14 மெகாஹெர்ட்ஸில் பெரிய ஜேபெக் ஒன்று விரிவதற்குள் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

உங்கள் பெட்டிகளில் படங்களைவிட உரைக் கோப்புகள்தாம் அதிகம் இருக்கும். ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய ஆண்டறிக்கைகள், உறுப்பினர் பட்டியல்கள், திருவிழா மலர்கள். ஒன்று டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருக்கும், ஒன்று டாம் என்ற வேறொரு குறியீட்டில் இருக்கும், இன்னொன்று யாரோ சொந்தமாகச் செய்த எழுத்துருவில் இருக்கும். அவற்றைப் படமாக்கிப் பிடிஎஃப்பில் அடைத்தால் ஒரு பெயரைக்கூடத் தேட முடியாது. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, குறியீட்டுக்கு ஒன்றாகச் சிறு தொகுதி எழுதச் சொல்லுங்கள். கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. எல்லாவற்றையும் திறக்கும் ஒரே பெரிய மென்பொருள் வேண்டும் என்று கேட்காதீர்கள். எழுதியவர் வேலை மாறிப் போனால் அதுவும் அநாதைதான்.

ஒரு விஷயம். அமிகாவின் 880 கிலோபைட் டிஸ்கெட்டைச் சாதாரண பிசி டிரைவ் படிக்காது. 'கெட்டுப்போச்சு' என்று ஒதுக்கி வைத்தவற்றில் அப்படிச் சில இருக்கலாம். என் 1200 இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் கொண்டு வருகிறேன்; ஒரு மேசையும் ஒரு பிளக்கும் கொடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து,
ஒரு பழைய எழுத்துப் போடுபவர்