‘தண்ணீர் வராது’ என்று மட்டும் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

“பராமரிப்புப் பணி காரணமாக மாநகரின் சில பகுதிகளில் இரண்டு நாட்களுக்குக் குடிநீர் விநியோகம் இருக்காது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்.” உள்ளாட்சி அறிவிப்புகள் எந்த ஊரிலும் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இதைப் படிக்கிற குடும்பத்துக்குத் தெரிய வேண்டியவை மூன்று. எங்கள் தெரு இதில் சேர்ந்ததா? மறுபடி எப்போது வரும்? அதுவரை எத்தனை குடம் பிடித்து வைக்க வேண்டும்? மூன்றுக்கும் அதில் பதில் இல்லை.

திருநெல்வேலி மாநகராட்சி 1994-ல் உருவானது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று 4 மண்டலங்கள், 55 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படியே மக்கள்தொகை 4.73 லட்சம். இத்தனை பேருக்கும் சேர்த்து, மாதம் ஒரு முறை, இரண்டே பக்கத்தில், ஆணையாளர் கையெழுத்துடன் ‘நகர நிலவரம்’ ஒன்று வெளியாக வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. சாதனைப் பட்டியலும் திறப்பு விழாப் படங்களும் அதில் வேண்டாம். படித்தவர் வீட்டில் ஒரு வேலையாவது மாற்றிச் செய்ய உதவும் தகவல் இருந்தால் போதும்.

முதலில் குடிநீர். அறிவிப்புகளை வார்டுவாரியாக வெளியிடும் வழக்கத்தை விட்டுவிட்டு, மேல்நிலைத் தொட்டிவாரியாக வெளியிட வேண்டும். வார்டு எல்லை தேர்தலுக்காகப் போட்ட கோடு. குழாய்க்கு அந்தக் கோடு தெரியாது. ஒரே வார்டில் மேற்குத் தெருவுக்கு ஒரு தொட்டியிலிருந்தும் கிழக்குத் தெருவுக்கு வேறு தொட்டியிலிருந்தும் தண்ணீர் வரலாம். ஆற்றுப்படுகை உறைகிணற்றில் மோட்டார் பழுதானால், அந்த நீரேற்று நிலையத்திலிருந்து நிரம்பும் தொட்டிகள் மட்டுமே காலியாகும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் எந்த நீரேற்று நிலையம், அந்தத் தொட்டியிலிருந்து எந்தெந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணிக்கு வால்வு திறக்கப்படும் என்ற அட்டவணையை ஒரு தடவை தயாரித்துவிட்டால், பிறகு மாதாமாதம் மாறியதை மட்டும் சொன்னால் போதும். வால்வு திறந்துவிடும் பணியாளர்களுக்கு இந்த விவரம் முழுக்க மனப்பாடம். அவர்களோடு உட்கார்ந்து எழுதி வாங்குவதுதான் வேலை.

விநியோகம் நின்று மறுபடி தொடங்கும் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோய் பரவும் அபாயம் அதிகம் இருப்பது அந்த நாளில்தான். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது, விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது வெளியே இருப்பதை அது உள்ளே இழுக்கும். நம் பழைய தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய்கள் பலவும் வாறுகாலை, அதாவது தெருவோரச் சாக்கடையை, குறுக்கே கடந்துதான் வாசலுக்கு வருகின்றன. அங்கே துருப்பிடித்த இணைப்பு ஒன்று போதும், சாக்கடை உள்ளே போய்விடும். இணைப்புக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறவர்கள் இதே வெற்றிடத்தைத் தினமும் உண்டாக்குகிறார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீரைத் திருடுவது மட்டுமா, அந்தத் தெருவுக்கே வாறுகால் தண்ணீரைக் கலந்து கொடுக்கிற காரியம் அது. மோட்டார் பறிமுதல் என்று எச்சரிக்கை விடுவதோடு, இந்தக் காரணத்தையும் இரண்டு வரி எழுதினால் ஜனங்களுக்கு விளங்கும்.

எனவே மறுவிநியோக அறிவிப்பில் இவ்வளவும் வேண்டும். குழாயைத் திறந்து கலங்கல் தெளியும்வரை முதல் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். கலங்கலைத் தொட்டிக்குள் விடாதீர்கள். அன்றைக்கும் மறுநாளும் குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தரைத்தொட்டியில் சந்தேகம் இருந்தால் காலி செய்து தேய்த்துக் கழுவி நிரப்பிய பிறகு, 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போடலாம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்க வேண்டும். பொட்டலம் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். அதைப் போட்டும் போடாத கணக்குத்தான்.

கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. குளோரின் அளவு பார்க்கும் சிறு கருவியான குளோரோஸ்கோப்பில் தண்ணீரை எடுத்து, சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டு, வரும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் நொடியில் தெரியும். சுகாதாரப் பிரிவு எடுக்கும் இந்த அளவைத் தெருப் பெயரோடு மாத நிலவரத்தில் வெளியிட வேண்டும். தொட்டிக்கு அடியில் எடுத்த அளவு எங்களுக்கு வேண்டாம், கடைசிக் குழாயில் எடுத்ததைப் போடுங்கள்.

அடுத்தது சாலை தோண்டுவது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டுகிற தெருக்களில் “பணி நடைபெறுகிறது” பலகை மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தேதியில் தோண்டுவார்கள், எத்தனை அடி ஆழம், எந்த நாளில் மூடுவார்கள், எப்போது தார் போடுவார்கள், பொறுப்பு எந்த உதவிப் பொறியாளர் என்ற ஐந்தும் வேண்டும். முக்கியமாக மூடும் முறையை எழுத வேண்டும். மண்ணை அரையடி உயரத்துக்குப் போட்டு, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் இடித்து, அதன்மேல் அடுத்த அரையடி. இதுதான் முறை. தோண்டிய மண்ணை ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ஜல்லி பரப்பினால், ஐப்பசி மழையில் உள்ளே இருக்கிற காற்றிடத்தில் தண்ணீர் புகுந்து பள்ளம் அமுங்கும். போட்ட தார் பிளந்து, ஆட்டோ சக்கரம் அதில் இறங்கும். முறை தெரிந்தால் தெருவில் நிற்கிற யாரும் “இன்னும் இடிக்கவில்லையே” என்று கேட்டுவிட முடியும். இதைவிட மலிவான கண்காணிப்பு வேறு இல்லை.

பாதாளச் சாக்கடை முடிந்த தெருக்களில் அறிவிப்பு இன்னும் கறாராக இருக்க வேண்டும். கழிவுநீரேற்று நிலையம் இயங்கத் தொடங்குமுன் வீட்டு இணைப்பைக் கொடுத்துவிட்டால் கழிவு போக வழியின்றி, தாழ்வான இடத்து ஆள்நுழைவுக் குழி வழியே தெருவில் பொங்கும். மொட்டைமாடி மழைத்தண்ணீரை அதில் இணைத்தாலும் அதே கதி. அந்தக் குழாய்கள் வீட்டுக் கழிவின் அளவுக்கு மட்டும் கணக்கிட்டுப் போடப்பட்டவை. இணைப்புக் கொடுக்காத வீடுகளின் கழிவு வாறுகால் வழியாகப் பாளையங்கால்வாய்க்கும் நெல்லை கால்வாய்க்கும் தாமிரபரணிக்கும்தான் போகிறது. எந்தத் தெருவில் எத்தனை வீடு, எத்தனை இணைப்பு என்பதை மாதாமாதம் அச்சிட்டாலே பாதி வேலை நடக்கும்.

குப்பை விஷயத்தில் நெல்லை ஒரு காலத்தில் மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியது. 2015-ல் தரம் பிரித்து வாங்குவதைக் கட்டாயமாக்கி, மக்காத குப்பைக்குப் புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். எதை எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பது ஒரே வரியில் இருந்ததால் ஜனங்களுக்கு மறக்கவில்லை. அந்த எளிமை அறிவிப்பில் திரும்ப வேண்டும்.

வரிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இதைக் கடைசி வாரத்தில் சொல்லிப் பயனில்லை. மார்ச், செப்டம்பர் நிலவரங்களிலேயே போட்டால் ஓய்வூதியக்காரர்கள் பணம் ஒதுக்கி வைப்பார்கள்.

மழைக்காலத்தில் மாத நிலவரம் போதாது, அன்றாட அறிவிப்பு வேண்டும். அதிலும் “பாபநாசம் அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு” என்பது பொறியாளர்களுக்குரிய பேச்சு. கன அடி என்றால் வினாடிக்கு சுமார் 28 லிட்டர் என்று தெரிந்தாலும் ஆற்றங்கரைச் சிந்துபூந்துறைக்காரர் தன் வாசலுக்கு வெள்ளம் வருமா என்று அதிலிருந்து கணிக்க முடியாது. பாபநாசத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. மணிமுத்தாறும், திருப்புடைமருதூரில் கூடும் கடனாநதியும், தருவைப் பக்கம் சேரும் பச்சையாறும் நகருக்கு மேலேயே ஆற்றில் கலந்துவிடுகின்றன. 2023 டிசம்பர் 17, 18-ல் அணைத் தண்ணீரும் கொட்டிய மழையும் சேர்ந்து வந்தபோது சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகமும் மூழ்கின. நீரேற்று நிலையங்களின் மோட்டார்களும் வெள்ளத்தில் போயின. ஊரைச் சுற்றி வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே அறிவிப்பு இடத்தைச் சொல்ல வேண்டும்: குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் ஏறுமா வடியுமா, எந்தத் தெருக்காரர்கள் இப்போதே கிளம்ப வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அந்த மண்டபத்தின் மட்டம் ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். கூடவே, மோட்டார் நின்றுவிடும் அபாயம் இருந்தால் முன்கூட்டியே “இன்று இரவுக்குள் பிடித்து வையுங்கள்” என்று ஒரு வரி.

மாமன்றத் தீர்மானங்களையும் இதே நிலவரத்தில் சுருக்கமாகப் போடலாம்: தீர்மான எண், எந்தத் தெருவில் என்ன வேலை, எவ்வளவு தொகை, முடிக்க வேண்டிய நாள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே தாமாக வெளியிட வேண்டியவை என்று இத்தகைய விவரங்களைத்தான் சொல்கிறது. 10 ரூபாய் கட்டி மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டிய தேவையே வராது. போன மாதம் சொன்னதில் எது முடியவில்லை, ஏன் என்பதும் அடுத்த மாதத்தில் முதல் பத்தியாக வர வேண்டும். ஒப்பந்தக்காரர் வரவில்லை என்றால் அப்படியே எழுதலாம். காரணம் தெரிந்த தாமதத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

கைபேசியில் மட்டும் அனுப்பி நிறுத்திவிடக் கூடாது. நான்கு மண்டல அலுவலகங்கள், ரேஷன் கடைகள், நகர்ப்புற சுகாதார நிலையங்கள், பள்ளிவாசல், கோயில், தேவாலய வாசல்களில் பெரிய எழுத்தில் ஒட்டலாம். தண்ணீர் நிறுத்தம் போன்ற அவசரச் செய்திக்கு ஒலிபெருக்கி ஆட்டோ முந்தின நாள் சாயங்காலம், பெண்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் போக வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலைக்குப் போனவர்கள் காதில் விழாது. செவ்வாய்க்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வந்த மனுக்களில் எத்தனை குடிநீர், எத்தனை வாறுகால், எத்தனை தெருவிளக்கு என்ற கணக்கை எடுத்தாலே அடுத்த மாத நிலவரத்தில் எதை முதலில் எழுத வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
பாளையங்கோட்டை.