மூங்கில் கணுக்களுக்கு நடுவே ஒரு தவளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களக்காடு–முண்டந்துறை மலைகளைப் பற்றி எழுதும்போது புலிக்கும் யானைக்கும் தரும் இடத்தில் ஒரு சிறு பங்கையேனும், அங்கு வாழும் ராவோர்கெஸ்டெஸ் சலசோடெஸ் என்னும் மரத்தவளைக்கும் ஒதுக்கவேண்டும் எனக் கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். 1876-இல் குந்தர் என்னும் விலங்கியலாளர் விவரித்த இத்தவளை, அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2011-இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டரை சென்டிமீட்டர் அளவே உள்ள இந்தப் பச்சைத் தவளை, குளத்தையோ ஓடையையோ தேடிச் சென்று முட்டையிடுவதில்லை. நாணலைப் போல மெலிந்து வளரும் மூங்கிலில், இரு கணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமே அதன் பேறுகால அறை. பூச்சிகளோ பிற உயிர்களோ மூங்கிலின் சுவரில் ஏற்படுத்திய சிறு பிளவின் வழியே உடலை நெருக்கிக்கொண்டு உள்ளே நுழையும்; அப்படியொரு பிளவைத் தானே உண்டாக்கும் வலிமை அதற்கு இல்லை. உள்ளே இட்ட முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை, முழு உருவம் பெற்ற குட்டித் தவளையே வெளிவருகிறது. அதுவரை முட்டைகளைக் காப்பது தந்தைதான். ஆய்வாளர்கள் சில அறைகளிலிருந்து ஆண் தவளையை அகற்றிப் பார்த்தபோது, காவலற்ற முட்டைகளில் பெரும்பாலானவை அழிந்தன. அவற்றுள் பலவற்றைத் தின்றவை அதே இனத்தின் வேறு ஆண் தவளைகளே.

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு மாலையில் காணி இனப் பெரியவர் ஒருவர் அத்தகைய மூங்கில் ஒன்றை எனக்குக் காட்டினார். விரல் நகம் நுழையுமளவே இருந்த அந்தப் பிளவை அவர் சுட்டிக்காட்டாமல் இருந்திருந்தால், உள்ளே ஓர் உயிர் இருப்பதை அறியாமல் நான் கடந்து போயிருப்பேன். வெட்டுக்கத்தியுடன் வருபவருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை என்பதே என் கவலை.

புலிகள் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே, இந்த மூங்கில் காகிதக்கூழுக்காகவும் கூடை முடைவதற்காகவும் வெட்டப்படுகிறது. முடைந்து பிழைப்பவர்களின் வாழ்வாதாரத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. இத்தவளையோ அதைப் போன்று மூங்கிலுக்குள் முட்டையிடும் பிற இனங்களோ வாழும் இடங்களில், மழைக்கால இனப்பெருக்கம் முடியும்வரை வெட்டுவதை நிறுத்திவைக்கவும், துளையுள்ள மூங்கில்களை எப்போதும் விட்டுவைக்கவும் வனத்துறை விதி வகுக்கவேண்டும் என்றே கேட்கிறேன். முற்றிய மூங்கிலையும் இளையதையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் காணி மக்களைக் கலந்தே அந்த விதி எழுதப்படவேண்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதிகாரிகளிடம் இது பற்றிக் கேட்டு, அவர்கள் தரும் பதிலைத் தங்கள் நாளிதழ் வெளியிடுமாயின் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்